பச்சை இரண்டு, சிவப்பு இல்லை

விளக்கை அணைத்த பிறகுதான்
என் வேலை தொடங்கும்.
அலெஸ்ஸாந்திரியா மருத்துவமனை, நிலவறை.
நூறு உட்கரு எண்ண வேண்டும்.
ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளி இரண்டு, சிவப்பு இரண்டு;
அம்மா ஒன்று அப்பா ஒன்று தந்த கணக்கு.

இன்றைய தகட்டில்
பச்சை இரண்டு, சிவப்பு இல்லை.
பச்சை இரண்டு, சிவப்பு இல்லை.
பதினேழாவதில் சிவப்பும் இரண்டு மின்னியது.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அது வழியில் வந்து நின்ற வெள்ளணு.

சிவப்புச் சாயம் ஒட்ட வேண்டிய இடத்தில்
"போதும், இனிப் பெருகாதே" என்று சொல்லும்
ஒரு துண்டு இருந்திருக்கும்.
துண்டே இல்லை. சாயம் தண்ணீரோடு போய்விட்டது.

கூட வந்த தாள்:
ஒத்தாவியா, பிறப்பு 1951, காசாலே.
தொழில், அக்கார்டியன் ஆசிரியை.
கல்நார் ஆலையில் வேலை? இல்லை.
கீழே பென்சிலில் யாரோ:
"முற்றத்தில் தூள் பரப்பியிருந்ததாம்.
பந்து உருட்டி விளையாடியிருக்கிறார்."

தெரியும் எனக்கு, அந்தத் தூளை.
சேறு அடங்கும், காலுக்கு மெத்தென்றிருக்கும்.
எங்கள் பரணிலும் கொட்டியிருந்தது, குளிருக்கு.
அப்பா எவாசியோ மூட்டையைத் தோளில் கொண்டுவந்த அன்று
அம்மா அவருக்கு இன்னொரு கோப்பை ஒயின் ஊற்றினாள்,
இனாமாகக் கிடைத்ததே என்று.

மூச்சோடு போன இழை
நுரையீரலின் ஓரம்வரை நகர்ந்துபோய்த் தங்கும்.
விழுங்க வந்த செல்லைவிட இழை நீளம்.
பாதி உள்ளே, பாதி வெளியே;
விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
தன் நஞ்சையெல்லாம் கக்கிச் சாகும்.
அடுத்தது வரும்.
நாற்பது வருடம் வந்துகொண்டே இருக்கும்.
அந்த நஞ்சில் நனைந்து நனைந்து
பக்கத்துச் செல்லின் நூல்கள் அறும்,
அவசரத்தில் ஒட்டும், தவறாக ஒட்டும்.

அதற்குள் பாகப்பிரிவினை நாள் வந்துவிடும்.
நூல்களை இரட்டித்து, நடுவில் நிறுத்தி,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
என்று இழுக்கும்போது
குறுக்கே கிடக்கிறது இழை.
முள்ளில் மாட்டிய சேலை.
ஒரு வீட்டுக்குக் கூடுதல், ஒரு வீட்டுக்குக் குறைவு.

குறைந்த பங்கு வாங்கிய வீடு
நொடித்துப்போகும் என்றுதானே நினைப்போம்?
பெரும்பாலும் நொடித்துத்தான் போகும்.
எப்போதோ ஒன்று மட்டும்
தடுக்க ஆளில்லாமல்
தெருவையே வளைத்துக்கொள்ளும்.

எண்ணி முடித்தேன். நூறில் தொண்ணூற்றொன்று.
கையெழுத்துப் போட்டேன்.
ஒத்தாவியாவைவிட நான் மூன்று வயது இளையவள்.

மாடிக்கு ஏறும்போது
எட்டாவது படியில் நின்றேன்.
லிஃப்ட் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.
அதனால்தான்.