அனுப்பப்பட்டது

வெள்ளம் வடிந்த மூன்றாம் வாரம்
ஸோம்பா மலையடியில்
எங்கள் சபைக்குக் கூரை இருந்தது,
சுவர் இரண்டுதான் மிச்சம்.
அதற்குள் நூற்றெண்பது மூட்டை மக்காச்சோள மாவு,
ஒரு தராசு, ஒரு மேசை, நான்.

ஐந்து மணிக்கே வரிசை தொடங்கிவிடும்.
வாளியை வைத்து இடம் பிடித்திருப்பார்கள்,
வாளியும் ஆற்றோடு போனவர்கள்
ஒற்றைச் செருப்பை.
பிளான்டயரிலிருந்து வரவேண்டிய லாரி,
ரசீதில் விடுபட்ட கையெழுத்து,
தார்ப்பாய் கேட்டு மூன்று கிராமத் தலைவர்கள்,
புகைப்படத்தோடு அறிக்கை கேட்டு
பனி பெய்யும் ஊர் ஒன்றின் அலுவலகம்.
நடுவே என் கைப்பேசி,
சூட்டுச் சட்டியில் விழுந்த சோளம் மாதிரி.

எல்லாச் செய்திக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்.
முதல் எழுத்தைத் தொட்டாலே
மீதியை அதுவே எழுதிக்கொள்ளும்:
உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.
இரண்டு டிக் விழும்.
அடுத்தவர்.

பொய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால்
சண்டைக்குப் போயிருப்பேன்.
மாவு அளக்கிற கை ஜெபிக்கிற கை இல்லையா,
பசித்தவன் வாய்க்குப் போகும் பிடி
ஆமென் இல்லையா என்று
ஞாயிறு பிரசங்கமே செய்தேன்.
நல்ல பிரசங்கம். அழுதார்கள்.

லிம்பிகானி வந்தது ஒரு வியாழன்.
சில்வா ஏரியில் வலை போடுகிறவன்.
வரிசையில் நிற்கவில்லை, மாவு வேண்டாம் என்றான்.
மடித்துவிட்ட கால்சட்டையில் காய்ந்த சேறு
நின்ற இடத்தில் உதிர்ந்தது.
கைப்பேசியை நீட்டினான்.
திரையின் விரிசலுக்குக் கீழே என் வாக்கியம்.
செவ்வாய், இரவு ஒன்பது பதினொன்று.

“மகளுக்குக் காலரா என்று எழுதினேன்.
ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றீர்கள்.
விடியுமுன் போய்விட்டாள்.”
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
“ஏன் என்று கேட்க வரவில்லை, அம்மா.
அன்று ராத்திரி நீங்கள் பேசினபோது
அவர் என்ன சொன்னார்?
அதை மட்டும் சொல்லுங்கள்.
வீட்டில் அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.”

தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது.
ஒன்பது பதினொன்றுக்கு நான்
லாரிக்காரனோடு டீசல் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டேன்.
அதுகூட அந்தச் செய்தியிலேயே இருந்தது.
அலினாஃபே.
எங்கள் பாஷையில்: அவர் நம்மோடிருக்கிறார்.

ஜெபிக்கவில்லை என்று சொன்னேன்.
அத்தனை வாளிகளுக்கும் முன்னால்.
வெகுநேரம் பார்த்தான்.
கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
“அப்படியானால் இப்போது” என்றான்,
சிந்திய மாவில் மண்டியிட்டான்.

எனக்கு வார்த்தை வரவில்லை.
இருபது வருடமாய்க் கல்யாணத்துக்கும் கல்லறைக்கும்
கைவசம் வைத்திருந்த வார்த்தைகளில்
ஒன்றுகூட.
அவள் பேரைச் சொன்னேன். மறுபடி சொன்னேன்.
வரிசையில் யாரோ தொப்பியைக் கழற்றினார்கள்.

இப்போதெல்லாம் ஆறு மணிக்குத்தான் கதவு.
அதுவரை கைப்பேசி மாவுமூட்டைக்கு அடியில்,
மடியில் பெயர் எழுதிய நோட்டு.
“ஒரு மணி நேரத்தில்
இருபது குடும்பத்துக்கு அளக்கலாமே”
என்கிறார் பொருளாளர் ஜாஃபாலி.
கணக்கு சரிதான். பதில் சொல்வதில்லை.
மனது டீசலுக்கு ஓடுகிறது,
கயிறறுத்த ஆட்டை இழுப்பதுபோல் இழுத்து வருகிறேன்.
சில நாள் மூன்று பெயரோடு விடிந்துவிடுகிறது.
சில நாள் தூங்கிவிடுகிறேன்,
நெற்றியில் நோட்டின் கம்பித் தடம்.

வியாழக்கிழமைகளில் லிம்பிகானி வருகிறான்.
“ஏதாவது சொன்னாரா?”
“இன்னும் இல்லை.”
“கேட்டீர்களா?”
“கேட்டேன்.”
தலையாட்டிவிட்டு
முதல் மூட்டையைத் தோளில் ஏற்றுகிறான்.