பாக்கி

பன்னிரண்டு புள்ளி எட்டு வடக்கு,
எண்பது புள்ளி இரண்டு கிழக்கு.
அதற்கு மேல் எண்கள் இருந்தன, நம்பிக்கை இல்லை.
ஃபோனில் நீல அம்பு
சேற்றின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

முட்டுக்காட்டுப் பாலத்தடியில் ஏழு மணி.
தலைக்கு மேல் பாண்டி பஸ்
தூண்களுக்குள் ஒரு முறை தும்மிவிட்டுப் போனது.
வாடகைக் கயாக். மஞ்சள். இடது பக்கம் இழுக்கும்.
பின்னால் தில்ஷாத்
துடுப்பைச் சாம்பார்க் கரண்டிபோல் பிடித்துக்கொண்டு
"இன்னும் நாற்பது மீட்டர்" என்றாள்.
கால்மணி நேரமாக அதே நாற்பது.

வத்தம் தொடங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை.
மொய் எழுதாமல்
கல்யாண வீட்டிலிருந்து நழுவுகிறவன் மாதிரி
தண்ணீர் கடல் பக்கம் கிளம்பியிருந்தது.
அடியில் கிளிஞ்சல் கீறும் சத்தம்,
பிறகு சத்தமே இல்லை.
இறங்கினேன். முழங்கால் வரை சேறு.
என் இடது செருப்பு இன்னும் அங்கேதான்.

கொஞ்சம் தள்ளி, மீதமிருந்த ஓடையில்
கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி
ஒருத்தி எறா தடவிக்கொண்டிருந்தாள்.
பறியின் விளிம்பு பல்லிடுக்கில்.
நாங்கள் எதுவும் கேட்கவில்லை.
தாடையை மட்டும் திருப்பிக் காட்டினாள்:
அந்த ஒற்றை அலையாத்தி.

வேரடியில் இருக்கும் என்றது குறிப்பு.
யாரோ வலைநூலால் கட்டி
மேல் கிளைக்கு ஏற்றியிருந்தார்கள்,
ஓதம் தொடாத உயரத்துக்கு.
மூடி இறுகிய டிஃபன் டப்பா.
உள்ளே ரப்பர் டைனோசர், ஜெர்மன் நாணயம்,
நாற்பது பக்க நோட்டு.

ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர் கையெழுத்து.
பெருங்குடியிலிருந்து இருவர். "செம இடம்!"
அதற்குக் கீழே பென்சிலில்:
வியாழன் ஒண்ணேகால் கிலோ.
வெள்ளி முக்கால்.
அமாவாசை மூணு.
மறுபடி ஒரு கையெழுத்து, மறுபடி ஒரு புன்னகை முகம்.
சனி இல்லை, காய்ச்சல்.
ஐஸ்காரன் பாக்கி 340.

எதையாவது எடுத்தால்
எதையாவது வைக்க வேண்டும், அது விதி.
பென்சில் தேய்ந்து நகக்கண் அளவு.
தில்ஷாத் பைக்குள் துழாவி
புதுப் பென்சில் ஒன்றைக் கண்டுபிடித்தாள்,
தேர்வறையில் திருப்பித் தர மறந்தது.
டைனோசரை நான் தொடவில்லை.

பெயர் எழுத இடம் தேடினோம்.
340-க்குக் கீழேதான் காலி.
எழுதி, தேதியும் போட்டோம்.
புரட்டிப் பார்க்கிற யாருக்கும்
கடன்காரர்கள் நாங்கள் என்றுதான் தோன்றும்.

பறி நிறைந்திருக்க வேண்டும்.
எழுந்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு
முதல்முறையாக வாய் திறந்தாள்:
"பதினோரு மணிக்கு மேலதான் தண்ணி ஏறும்.
டப்பாவ இறுக்கி மூடு.
போன தடவ வந்தவங்க
கணக்க நனைய வுட்டுட்டாங்க."