நூற்றெண்பது வெள்ளி

ஜெலுத்தோங் கடையில்
மற்றவையெல்லாம் கண்ணாடியருகே ஓடி வந்தன.
மூலையில் இது, அறுந்து முளைத்த வாலோடு,
முற்றாத முள்ளங்கிபோல்.
"அது வேண்டாம், பாஸ்" என்றான் பூன் கெங்.
அதைத்தான் எடுத்தேன்.

"நூத்தியெண்பது வெள்ளியா?
சுவத்துல ஓடுறது சும்மாதானே"
என்றாள் பவளம், விளக்குமாறும் கையுமாக.

தோல் உரியும் வாரம்.
விரல் நுனியில் ஒட்டியதை
ஈரப் பஞ்சால் நீவுகிறேன்.
விட்டால் இறுகி விரலே போய்விடும்.
மூச்சுகூட விடுவதில்லை நான்.

நேற்று மழையில் கரண்ட் போனது.
வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப்
பெட்டிக்குள் வைத்தாள் பவளம்.
பினாங்கில் குளிரேது என்று
நான் கேட்கவில்லை.

சுவரில் ஒன்று உச்சுக் கொட்டியது.
எந்தத் திசை என்று அவள் பார்க்கவில்லை.
"இதுக்கு இமை இருக்கு, பாத்தீங்களா"
என்றாள்,
டார்ச்சைத் தாழ்த்தி.