வேரு

பாகலூர் ரோட்டில், டைல்ஸ் கடை மாடியில்
சனிக்கிழமை எங்களுக்குப் பயிற்சி.
வாட்ச்மேன் நாலு பேர், பிளம்பர், லிஃப்ட் பார்க்கும் யெல்லப்பா,
வீடு காட்டும் நான்.
தோள்பையில் அறுபத்திரண்டு சாவி
கலகலக்கப் படியேறினேன்.

சிப்காட்டுக்குப் புதிதாக வந்த தொழிற்சாலை
நாற்பது வீடு கேட்கிறதாம்.
வருகிறவர்கள் யார் எவர் என்று நாங்கள் கேட்கக்கூடாதாம்.
ஒப்பந்தத்தில் அது ஆறாவது வரி.
அந்த ஒரு வரிக்காக ஒரு நாள் சம்பளம், மதியம் பிரியாணி.
சைவமா என்று கேட்டுத்தான்
டோக்கன் கொடுத்தார்கள்.

பெங்களூரிலிருந்து வந்த ஹெக்டே மேடம்
இங்கிலீஷில் சொல்லச் சொல்ல
கணக்கு எழுதும் ருக்சானா தெலுங்கில் மாற்றினாள்.
சாதி பார்த்து மறுக்காதே.
மதம் பார்த்து மறுக்காதே.
புருஷனைப் பிரிந்து வந்தவளிடம் காரணம் கேட்காதே.
இரண்டாவது வரியை மட்டும்
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வேகமாகச் சொன்னாள்.
போன வருஷம் அவள் பார்த்த பதினோரு வீட்டில்
மூன்றின் சாவி என் பையில் இருந்தது.

'பாகுபாடு' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.
போனில் தேடி 'விவக்ஷ' என்றாள்.
"அது எந்த ஊர்த் தெலுங்கு?" என்றார் பிளம்பர்.
பேரிகைக்காரர் முனிவெங்கடப்பா, கேட் வாட்ச்மேன்,
தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:
"வேரு சேசேதி."
வேரு என்றால் அவர்கள் பேச்சில் தனி.
வேரு என்றால் மண்ணுக்கடியில் ஓடுவதும்.
நாம் ஒன்றை வல்லினத்தில், ஒன்றை இடையினத்தில் எழுதிப்
பிழைத்துக்கொள்கிறோம்.
மேடம் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்,
எந்தப் பொருளில் என்று கேட்காமல்.

பிறகு நாடகம்.
நான் வீடு காட்டுகிறவள். அதற்கு நடிப்பு வேண்டியதில்லை.
முனிவெங்கடப்பா வீடு தேடி வருகிறவர்.
பேர் என்ன, என்றேன்.
முழுப் பேர், என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.
"எந்த ஊரு?"
"பேரிகை."
"பேரிகையில எந்தப் பக்கம்?"
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.
ஃபேன் சத்தம் மட்டும்.
ஆறு வருஷமாக எங்களுக்கு ஒரே ஃபிளாஸ்கில் டீ.
அவர் டம்ளரை அவரே கொண்டுவருவார்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
கேட்காமலே தெரிந்துகொள்வதில்தான் தொழிலில் எனக்குப் பேர்.

"பார்த்தீர்களா, இதுதான்!" என்று மேடம் கைதட்டினார்.
ருக்சானா அதை மொழிபெயர்க்கவில்லை.

என் நோட்டில் சாதி என்ற சொல்லே கிடையாது.
தளி ரோடு, மாடி: முட்டை ஆகாது.
மத்திகிரி டாக்டரம்மா: நல்ல குடும்பம் மட்டும்.
ராயக்கோட்டை ரோடு, பின்போர்ஷன்: ஒரு சின்ன வட்டம்.
வட்டம் என்னவென்று யாராவது கேட்டால்
பேனா ஓடுகிறதா என்று பார்த்தேன் என்பேன்.

மாலை ஐந்தரை.
சான்றிதழில் என் இனிஷியல் தப்பு.
படியிறங்கும்போதே போன் வந்தது,
வீடு வேணும் என்று. அஸ்ஸாமா ஒடிசாவா, குரலில் பிடிபடவில்லை.
வாய் தானாக "நீங்க எந்த" வரைக்கும் போய்விட்டது.
"தேதிக்கு வரீங்க?" என்று திருப்பினேன்,
மேட்டில் வண்டியைத் திருப்புவதுபோல,
கால் ஊன்றி.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.
என்ன ஆளுங்க?
"புருஷன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தைம்மா."
அது இல்ல. என்ன ஆளுங்க?
"சிலிண்டர் அவங்களே வச்சிருக்காங்க."
பத்மா, நான் கேக்கிறது உனக்குப் புரியலையா?

கேட்டுக்குப் போக முனிவெங்கடப்பா தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.
வீடு போயிடுச்சுங்க என்று
தினம் நாலு பேரிடம் கூசாமல் சொல்கிறவள் நான்.
"புரியலைம்மா" என்பதற்கு
நாக்கு ஒட்டிக்கொண்டது.

லைனைத் துண்டித்துவிட்டார்.
திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கேட்பார் என்று நினைக்கிறேன்.
அவர்கள் ஏழு மணிக்கு
மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள்,
குழந்தையோடு.
என் ஸ்கூட்டியில் முன்விளக்கு சரியாக எரியாது.
சீக்கிரம் கிளம்பினேன்.