பூம்பாறையில் இறங்கிய பை

வத்தலக்குண்டில் ஏறும்போது
நான்கு பேர், ஐந்து பை.
ஐந்தாவது பெரியது. மெர்சியின் தம்பி
கல்லூரி முகாமுக்கு வாங்கியது.
ஸ்வெட்டர் அத்தனையும் அதில்தான்.
"ஒரே இடத்துல இருந்தா தொலையாது"
என்றாள் நூர்ஜஹான்.
அந்த வாக்கியத்தை
சாகும்வரை அவளை மறக்க விடமாட்டோம்.

வீட்டில் சொன்னது:
மதுரையில் இரண்டு நாள் பயிற்சி,
ரத்தம் பரிசோதிக்கப் புதுக் கருவி.
மதுரைக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்கக்கூடியவர்கள் தூங்கிய பிறகுதான்
மடித்து வைத்தோம்.

நாளைக்கு அறுபது பேர் நரம்பில்
கை நடுங்காமல் ஊசி ஏற்றுகிற வள்ளிக்கொடி
மூன்றாம் வளைவிலேயே கண்ணை மூடினாள்.
எலுமிச்சம்பழம் மூக்கில்.
"அருவி வந்திருச்சு, பாரு."
"நீங்க பாத்துச் சொல்லுங்க."
சொன்னோம்.
இல்லாத மயில் ஒன்றையும் சேர்த்துச் சொன்னோம்.

கொடைக்கானலில் ஏரிப் பக்கம் போகவில்லை.
அங்கே எங்கள் தெருவே நின்றிருக்கும்.
மன்னவனூர் பேருந்தில் இடம் பிடித்தோம்,
காலிச் சாக்குகள், ஒரு கேஸ் அடுப்பு,
காலைக் கட்டிய சேவல்,
சீருடையில் தூங்கும் இரண்டு பையன்கள் நடுவே.
பெரிய பை கூரைக்குப் போனது.

பூம்பாறை வளைவில்
நான்கு தலையும் ஒரே ஜன்னலில்.
கீழே ஊர்,
தீப்பெட்டிகளைக் கொட்டி
அடுக்க மறந்ததுபோல் வீடுகள்,
ஈரத்தலையைச் சீப்பால் வாரியதுபோல் வயல்கள்.
அட, அட என்றோம்.
ஊருக்குள் வண்டி நின்றபோதும்
அட நிற்கவில்லை.
பின் ஏணி வழியே மூட்டைகளோடு மூட்டையாக
எங்கள் பை இறங்கிப் போயிற்று.

மன்னவனூரில் நடத்துநர் கூரையில் ஏறி,
அங்கிருந்தே கையை விரித்தார்.
"பூம்பாறையில எறங்கியிருக்கும்மா.
எங்கயும் போகாது."
கைபேசியில் ஒரு கோடும் இல்லை.
புல்வெளியிலிருந்து காற்று
யாரிடமும் கேட்காமல் ரவிக்கைக்குள் வந்தது.

அந்த அறையில் கம்பளி இரண்டு.
நான்கு பேரும் ஒரே கட்டிலில்,
எட்டுக் கால்களில் எது யாருடையது என்று தெரியாமல்.
சிரித்து ஓய்ந்து
வெகுநேரம் கழித்து மெர்சி சொன்னாள்,
கூரையைப் பார்த்து:
போன மாதம் தானே குத்தி எடுத்தாளாம்.
குழாயில் வேறு பெயர் எழுதினாளாம்.
பூங்கொடி, வயது நாற்பது.
"முந்நூத்திப் பன்னெண்டு."

எங்கள் நான்கு பேருக்கும்
அந்த எண் தெரியும்.
தினம் அதைத் தட்டச்சு செய்து
சிவப்பில் தடித்து, கையெழுத்து வாங்கி,
"டாக்டரப் பாருங்க" என்று நீட்டுகிறவர்கள்.
ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை.
வள்ளி மட்டும் இருட்டில்
கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை
மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
காகிதம் சரசரத்துக் காட்டிக்கொடுத்தது.
மெர்சிதான் முதலில் சிரித்தாள்.

காலையில் ஏரிக்கரை வரை
கம்பளியைப் போர்த்தியபடியே நடந்தோம்.
செம்மறிகள் எங்களைக் கண்டு ஒதுங்கவில்லை,
உறவு என்று நினைத்திருக்கும்.

பத்தரை வண்டியில் பை வந்தது,
ஓட்டுநருக்குப் பக்கத்தில், இருக்கையில் உட்கார்ந்து.
கைப்பிடியில் ஒரு டிக்கெட் செருகியிருந்தது.
யார் எடுத்தது என்று கேட்டால்
அந்த நடத்துநருக்கும் தெரியவில்லை.
திறந்தோம்.
நான் உருட்டித் திணித்த ஸ்வெட்டர்கள்
கடையில் மடிப்பதுபோல் மடிந்திருந்தன,
நடுவில் இரண்டு பிடி மலைப்பூண்டு.
முறுக்கு மட்டும் இல்லை.
நியாயம்தான்.

திண்டுக்கல் வரை வண்டி முழுக்க அந்த வாசம்.
வீட்டில் கதவு திறந்த கையோடு அவர் கேட்டார்:
"மதுரையில என்ன, பூண்டு உரிக்கவா பயிற்சி?"
நான் குளிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணி, வெறும் வயிறு.
வள்ளி கட்டைக் கட்டினாள்.
குழாயில் நான் எழுதினேன்:
மெர்சி ஸ்டெல்லா, முப்பத்து நான்கு.
ஊசி நுழையும்போது
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"அருவி வந்திருச்சு, பாரு" என்றாள் வள்ளி.