ரப்பர் பட்டை

மிச்சினஸ் தீவிலிருந்து வந்தவள், பெயர் ரன்வா.
செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்கி
பஃபின் பறவைகளைக் கணக்கெடுப்பவள்.

'பதினெட்டு முதல் முந்நூறு வரை. ஒரே லென்ஸ்.
அதைக் கொடுங்கள்.'

விற்க மனமில்லை எனக்கு.
சொல்லிப் பார்த்தேன்:
முந்நூறில் வெளிச்சம் போதாது,
மூலைகள் நமுத்துப்போகும்,
இரண்டாக வாங்கினால் இரண்டும் கூர்மை.

'ஒரு கை கயிற்றுக்கு' என்றாள்.
'லென்ஸ் மாற்ற எத்தனை கை வேண்டும்?'

நான் விடவில்லை.
பதினெட்டில் நேர்க்கோடு வளையும், பாருங்கள் என்று
கடை வாசலுக்கு அழைத்துப்போய்
நோல்சோய் தீவுக்கு வலப்புறம்
கொஞ்சமாய்த் தெரியும் தொடுவானத்தைக் காட்டினேன்.
கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
'வளைந்துதானே இருக்கிறது கடல்.'

பணத்தை எண்ணி வைத்தாள்.
உள்ளங்கை முழுக்கக் கயிறு உரசிய தழும்பு.

ஆகஸ்டில் மறுபடி வந்தாள்.
லென்ஸின் கழுத்தில் உப்பு, ஒட்டிய சிற்றிறகு.
முதல் படம்: பாறை, நுரை, மேலும் பாறை.
'மேலே, இடது பக்கம்' என்றாள்.
சென்சாரில் தூசி என்று நினைத்தேன்.
அடுத்த படத்தில்
தூசிக்கு அலகு இருந்தது.
அலகில் குறுக்கும் நெடுக்குமாக மீன்கள்.
மூலைகள் மங்கல்தான்.
சொல்ல வாயெடுத்தவன்
மீன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்: ஏழு, இல்லை, எட்டு.

'ஒரு குறை இருக்கிறது' என்றாள்.
குனிந்தால் லென்ஸ் தானாக நீள்கிறதாம்,
தாகமெடுத்த நாயின் நாக்கு மாதிரி.

டிராயரைத் துழாவி
ஒரு ரப்பர் பட்டையை எடுத்து மாட்டிவிட்டேன்.
அதற்கு பில் போடவில்லை.