பெருக்கல் குறி

குதைபியாவில்
முடிதிருத்தும் கடைக்கும் சிம்கார்டு கடைக்கும் நடுவில்
படத்துக்குச் சட்டம் போடுகிற கடை.
நாற்பத்தைந்து பாகையில் மரம் அறுப்பது என் வேலை.
மூலை கூடுமிடத்தில்
ஒரு மயிரிழை நுழையக் கூடாது.

போன மாதம் ஜுஃபைர் ஹோட்டலிலிருந்து
செருப்புப் பெட்டி ஒன்று வந்தது.
உள்ளே அறுபத்திரண்டு அஞ்சலட்டைகள்.
இங்கிலாந்தில் நார்ஃபோக் என்றொரு மாவட்டமாம்,
ஏலத்தில் மொத்தமாக எடுத்ததாம்,
கீழ்த்தள மதுக்கூடத்துச் சுவருக்காம்.
"நூறு வருஷத்துப் பழசு போல இருக்கணும்" என்றார் ஃபாதி.
நூறு வருஷத்துப் பழசுதான் என்றேன்.
"போல இருக்கணும்" என்றார் மறுபடியும்.

சோளப்பொரி பதித்ததுபோல் சக்கிமுக்கிக் கல் பதித்து
உருண்டைக் கோபுரம் வைத்த தேவாலயம்.
மூலைக்கு ஆகிற கல் அந்தப் பக்கம் கிடைக்காது,
அதனால் வட்டம் என்று பின்னால் அச்சிட்டிருந்தது.
மூலைக்காகவே சம்பளம் வாங்குகிற நான்
அந்தக் கொத்தனாரை நினைத்துச் சிரித்தேன்.
இறக்கை ஒடிந்த காற்றாலை.
ஆடு மேய்கிற புல்வெளிக்கு அப்பால்
பதினேழு புகைபோக்கி வைத்த மாளிகை.

சுவருக்கு முன்பக்கம் போதும்.
பின்பக்கத்தைக் கடைசியாகப் பார்ப்பவன் நான்.
பழுப்பு டேப் ஒட்டுமுன்
எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன்.
'மழை. கூடத்தில் இரண்டு வாளி வைத்திருக்கிறோம்.'
'அத்தைக்கு அந்த மருந்தே வாங்கு, பச்சை லேபிள்.'
'ரயிலை விட்டுவிட்டேன். போகட்டும்.'
கட்டிடத்தைப் பற்றி
ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

நாற்பத்தோராவதில் மறுபடி அதே மாளிகை.
கூரைக்குச் சற்றுக் கீழே
பூனை நுழைகிற அளவு ஜன்னல்,
அதன்மேல் நீல மையில் ஒரு பெருக்கல் குறி.
பின்னால்:
'ஈடித், குறி போட்டிருப்பது என் அறை.
ஆறு பேர். காற்று வருகிறது. வினி.'
கீழே இன்னும் மூன்று பெருக்கல் குறி.
எதை எதால் பெருக்கச் சொல்கிறாள்?
ஃபாதிதான் சொன்னார், அது முத்தம்.
ஓரத்தில் வேறு கை, பென்சில்:
'இடித்தது 1951.'

ஃபாதிக்குக் குறி பிடிக்கவில்லை.
அழுக்கு, அழித்துவிடு என்றார்.
மையைச் சுரண்டினால் சுவரும் வரும் என்றேன்.
மேலட்டையை ஒரு சென்டிமீட்டர் இறக்கி வெட்டினேன்.
வானம் போனது,
பதினேழு புகைபோக்கியும் போயின,
வினியின் ஜன்னல் அட்டைக்கு அடியில் போனது.
இருக்கிறது, அடியில்தான் இருக்கிறது.
"இப்பதான் பழசு மாதிரி" என்றார்.

அந்த வாரமே எங்களுக்கும் குறி விழுந்தது.
மனாமா சந்தைக்குப் பின்னால், பவளக்கல் சுவர்,
ஒரு காலத்தில் முத்து வியாபாரி வீடு.
நகராட்சி ஆள் ஸ்ப்ரே டப்பாவை இரண்டு தடவை குலுக்கி
குறுக்கே ஒன்று, எதிர்க்குறுக்கே ஒன்று,
எங்கள் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி,
சிவப்பில்.
அறுபது நாள் தவணை.
எட்டுப் பேர். காற்று வராது.
மறுநாள் கழுத்தில் கேமராவோடு ஒருவர் வந்தார்,
கதவின் செதுக்கலை மட்டும் எடுக்க வேண்டுமாம்,
கொடியில் கிடந்த கைலிகளை எடுக்கச் சொன்னார்.
எடுத்தோம்.
ஈரம் காயவில்லை.

ஜெபிஷாவுக்குப் பள்ளியில் ஏதோ ஒட்ட வேண்டுமாம்,
அப்பா இருக்கிற வீடு.
தெருவைத் தாண்டி நின்று
முழுக் கட்டிடமும் அடங்குகிற மாதிரி எடுத்தனுப்பினேன்.
இரண்டு நிமிஷத்தில் பதில்:
"செவப்புல என்னப்பா அது?
உங்க ரூம் இதுன்னு காட்டப் போட்டீங்களா?"

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஆமா என்று அடித்தேன்.
அதன் கீழே, பழகாத விரலால்,
மூன்று பெருக்கல் குறி.

"எதைப் பெருக்கணும்ப்பா?" என்று வந்திருக்கிறது.